நீர் விழும் உயரம்

நீர் என் கைகளின் மேல் விழுகிறது. விழுகிறது என்று சொல்வதும் பிழை. விழுவதற்குச் சிறிதேனும் உயரம் வேண்டும், இங்கே உயரமே இல்லை. வொர்க்நேஷ் சாய்த்துப் பிடித்திருக்கும் கெண்டியின் மூக்கு என் மணிக்கட்டைத் தொட்டபடி இருக்கிறது. நீர் அதிலிருந்து நேரே தோலுக்கு நழுவி, விரல்களுக்கிடையே ஓடி, அவள் இடக்கையில் ஏந்தியிருக்கும் தட்டத்தில் ஓசையின்றிச் சேர்கிறது. இளஞ்சூடான நீர். யாரோ இதைக் காய்ச்சி, கை பொறுக்கும் பதத்துக்கு ஆறவிட்டிருக்கிறார்கள், ஒரு விருந்தாளியின் பத்து விரல்களுக்காக. ஐம்பத்திரண்டு வயதில் நான் உட்கார்ந்திருக்க, இன்னொருவர் நின்று என் கைக்கு நீர் வார்க்கிறார் என்பதை மனம் இரண்டு முறை சொல்லிப் பார்க்கிறது, நம்பாதவனைப் போல. அவள் முன்கையில் வெள்ளைத் துண்டொன்று தொங்குகிறது. அவள் என் கைகளை மட்டுமே பார்க்கிறாள். முகத்தைப் பார்க்கவில்லை. இருபத்துமூன்று நாட்களாகப் பார்க்கவில்லை. எத்தியோப்பியாவின் தெற்கே, ஹவாசா என்னும் ஏரிக்கரை நகரில், சட்டை தைத்து அனுப்பும் ஆலையொன்றில், தரம் பார்க்கக் கற்றுக்கொடுப்பதற்கென்று எட்டு மாத ஒப்பந்தத்தில் திருப்பூரிலிருந்து வந்தவன் நான். ஆறு மாதம் ஓடிவிட்டது. நாற்பது பெண்கள் தைக்கும் ஒரு வரிசைக்கு வொர்க்நேஷ் மேற்பார்வையாளர். நான் போன பின் என் இடத்தில் நிற்க வேண்டியவள். தையலின் பிழையை விரல் நுனியால் கண்டுபிடிப்பவள், கண்ணை மூடிக்கொண்டே. இவளைப் போல் ஒருவரை இருபத்தெட்டு ஆண்டுத் தொழிலில் நான் கண்டதில்லை. அவள் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறாள். என்னிடம் கற்க விருப்பமில்லை, வேறு வரிசைக்கு மாற்றுங்கள் என்று. நாளை, திங்கட்கிழமை காலை, அதைக் கொடுத்துவிடுவாள். இதை எனக்குச் சொன்னவர் எதிரே முக்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்த்துப் புன்னகைக்கும் அவள் கணவர், பள்ளி ஆசிரியர் தெஸ்பாயே. வியாழக்கிழமை ஆலை வாசலில் எனக்காகக் காத்திருந்தார். கோபமே இல்லாமல், வானிலை சொல்பவரைப் போல ஆங்கிலத்தில் சொன்னார்: "கடிதம் எழுதிவிட்டாள். கொடுப்பதற்கு முன் ஒருநாள் எங்கள் வீட்டில் சாப்பிடுங்கள். நான் கேட்டேன், அவளும் சரி என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள் என்று நான் சொல்லமாட்டேன்."

துண்டை வாங்கித் துடைத்துக்கொள்கிறேன். உள்ளங்கை. இந்த வலது உள்ளங்கை. இருபத்துமூன்று நாட்களாக என் எண்ணம் முழுவதும் இதைச் சுற்றியே வட்டமிடுகிறது, தறியில் ஓடி ஓடித் திரும்பும் நாடாவைப் போல. அன்று எங்கள் சரக்கு ஒரு பிழையும் இல்லாமல் சோதனையில் தேறியது. உணவறையில் நாற்பது பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். வொர்க்நேஷ் தன் தட்டிலிருந்து ஒரு கவளத்தைச் சுருட்டி எடுத்து, எழுந்து வந்து, எல்லார் முன்னிலையிலும் என் வாயருகே நீட்டினாள். அதற்குக் கூர்ஷா என்று பெயர். மதிப்புக்குரியவருக்கும் அன்புக்குரியவருக்கும் தன் கையால் ஊட்டுவது இந்நாட்டு வழக்கம் என்பதை நான் அறிவேன், தினமும் அங்கே பார்த்ததுதான். அறிந்திருந்தும் நான் வலக்கையை நீட்டி உள்ளங்கையைக் குழித்தேன். அவள் கை அந்தரத்தில் நின்றது. பிறகு கவளத்தை என் கையில் வைத்தாள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் நான் என் தட்டின் ஓரத்தில் வைத்தேன். அது அங்கேயே இருந்தது. சிரிப்பு எங்கிருந்து அடங்கத் தொடங்கியது என்று தெரியவில்லை, ஆனால் அடங்கிவிட்டது. அன்றிரவே எனக்கு நானே ஒரு நியாயம் செய்துகொண்டேன்: எங்கள் ஊரில் திருநீற்றை உள்ளங்கையில்தான் வாங்குகிறோம், தீர்த்தத்தை உள்ளங்கையில்தான் வாங்குகிறோம், மரியாதைக்குரியது எதுவாயினும் குழித்த கைக்குத்தான் வந்து சேர்கிறது, ஆகவே நான் அவளை மதித்தேன். அழகான நியாயம். மறுநாள் அவளிடமே சொல்லலாம் என்றுகூட ஒத்திகை பார்த்தேன். சொல்ல முடியவில்லை, ஏனெனில் அந்த நியாயத்துக்குள் ஒரு நூல் அறுந்திருந்தது. கை நீள்வதற்கு முன்பே என் உதடுகள் மூடிக்கொண்டன. முதலில் உதடுகள், பிறகுதான் கை. மரியாதை செய்பவன் முதலில் வாயை மூடுவானா? மனமே, இதற்குப் பதில் சொல். இந்த ஊருக்கு வந்த நாளில் புதியது எதையும் தவறவிடக் கூடாது என்று விதி செய்துகொண்டவன் நான். ஏரிக்கரை மீன்சந்தையில் பச்சை மீனை மிளகாய்ப்பொடியில் தொட்டுத் தின்றேன். தோள்களை மட்டும் குலுக்கி ஆடும் ஆட்டத்தை ஒரு திருமண வீட்டில் ஆடினேன், படமெடுத்து ஊருக்கு அனுப்பினேன். பச்சை மீனை விழுங்கிய வாய், ஒரு பெண்ணின் விரலிலிருந்த ஒரு கவளத்துக்கு மூடிக்கொண்டது. அப்படியானால் இத்தனை மாதம் நான் சுவைத்தது என்ன? கண்காட்சிக்குள் நுழைந்தவன் ஒவ்வொரு கடையாகத் தொட்டுப் பார்ப்பதைப் போல நான் தொட்டேன். என்னைத் தொட எவருக்கும் இடம் கொடுக்கவில்லை.

உணவு வருகிறது. பிரம்பில் முடைந்த கூடைமேசையின் மூடியை வொர்க்நேஷ் தூக்குகிறாள்; ஆவியும் புளிப்பு மணமும் மிளகாயின் காரமும் ஒன்றாய் எழுகின்றன. சைக்கிள் சக்கரம் அகலத்துக்கு ஒரே ஒரு இஞ்சேரா, நம் ஆப்பத்தின் மூத்த சகோதரி, அதன் மேல் நடுவே கோழிக்குழம்பு, அதில் முழு முட்டை, சுற்றிலும் பருப்பும் கீரையும் கடலைமாவுக் குழம்பும் சிறு சிறு குன்றுகளாய். தட்டு ஒன்றுதான். மூவருக்கும் ஒன்று. தட்டு எது, உணவு எது என்று பிரிக்கவே முடியாது, தட்டையும் தின்றுவிடுகிறார்கள். அதன் முகமெங்கும் ஆயிரம் சிறு துளைகள். அவற்றைக் கண்கள் என்கிறார்கள் என்று தெஸ்பாயே முன்பே சொல்லியிருக்கிறார், கண் நிறைந்திருந்தால்தான் நல்ல இஞ்சேராவாம். ஆயிரம் கண்கள் என்னைப் பார்க்கின்றன. இதற்கான தானியம் கசகசாவினும் சிறியது, ஒரு கைப்பிடி விதையில் ஒரு வயல் அடங்கும். அதை மாவாக்கி, நாட்கணக்கில் புளிக்கவைத்து, இத்தனை கண்களைத் திறந்து, ஓர் அந்நியன் முன் வைத்திருக்கிறாள், அவனிடமிருந்து விலக எழுதிய கடிதம் இதே வீட்டில் இருக்கும்போதே. நான் தலைகுனிகிறேன். வணங்கத்தான் தோன்றுகிறது. காலையில் தொலைபேசியில் பூங்கொடியிடம், என் மனைவியிடம், எல்லாவற்றையும் சொன்னேன். நான் எதிர்பார்த்த ஆறுதல் அவளிடம் இல்லை. "போறதுன்னா போங்க. ஆனா ஒண்ணு, அங்க போயி வாயத் தொறந்து கதை சொல்லிப்போடாதீங்க. சோத்துக்கு மட்டும் தொறங்க" என்றாள். அவளுக்குத் தெரியும். தினமும் காலை வேலை தொடங்குமுன் நாற்பது பேருக்கும் ஒரு கதை சொல்வது என் வழக்கம், வொர்க்நேஷ்தான் மொழிபெயர்ப்பாள். ஒருநாள் கிணற்றின் கதையைச் சொன்னேன். ஓர் அரசன் நாட்டிலேயே இனிய நீருள்ள கிணற்றை, கண்டவர் குடம் பட்டால் கெட்டுவிடும் என்று, கல்மூடி போட்டு மூடினான். காவல் வைத்தான். பல்லாண்டு கழித்து அவனுக்கே தாகம் வந்தபோது மூடியைத் திறந்தால், நீர் நாறிப்போயிருந்தது. இறைக்கப்படாத நீர் நாறத்தான் செய்யும். ஆகவே பெண்களே, கற்ற தொழிலை ஒளிக்காதீர்கள், அடுத்தவருக்குக் கற்றுக்கொடுங்கள் என்று முடித்தேன். பெருமையாக இருந்தது. இப்போது தெஸ்பாயே, இஞ்சேராவின் ஓரத்தைக் கிழித்தபடி, ஆங்கிலம் தெரிந்தும் என்னிடம் நேரே பேசாத மனைவி தணிந்த குரலில் சொன்னதைக் கேட்டுவிட்டு, சிறிது தயங்கி என் பக்கம் திரும்புகிறார். "நீங்கள் சொன்ன கிணற்றுக் கதையை இவள் எனக்கும் சொன்னாள், காஷே நாச்சி" என்கிறார். காஷே என்றால் அண்ணன் போன்ற பெரியவர். நாச்சிமுத்துவில் பாதி மட்டுமே இங்கே பிழைத்திருக்கிறது. "நல்ல கதை. அந்த ராஜாவை உங்களுக்குத் தெரியுமா என்று கேட்கச் சொல்கிறாள்." நான் வாயைத் திறக்கவில்லை. பூங்கொடி, நான் வாயைத் திறக்கவில்லை. தெரியும் என்பதற்குத் தலையை மட்டும் அசைக்கிறேன், நம் முறைப்படி பக்கவாட்டில். அது இங்கே ஆமென்றா இல்லையென்றா பொருள்பட்டது என்று எனக்கே விளங்கவில்லை. அப்போதுதான் அவள் நிமிர்கிறாள். இருபத்துமூன்று நாட்களுக்குப் பின் ஒரு கணம் என் முகத்தைப் பார்க்கிறாள், துணியைப் பார்ப்பது போல, பிழை எங்கே இருக்கிறதென்று.

அவள் கை இஞ்சேராவைக் கிழிக்கிறது. கோழியில் ஒரு துண்டு, பருப்பில் சிறிது, கீரையில் சிறிது. விரல்கள் சுருட்டுகின்றன, அவசரமில்லாமல். தனக்குத்தான் எடுக்கிறாள் என்று ஒரு நம்பிக்கை, தனக்காக இருந்துவிடக் கூடாதே என்று இன்னொரு நம்பிக்கை, இரண்டும் ஒரே நெஞ்சில் எப்படி இருக்கின்றன? கை எழுகிறது. மேசையைக் கடக்கிறது. விரல் நுனிகளில் குழம்பின் சிவப்பு, நகத்தில் ஊசி குத்திய பழைய வடு. ஓரடி தூரம். ஓரடியைக் கடக்க ஒரு கைக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நெடுநேரம் ஆகிறது. ஏனெனில் அந்த ஓரடிக்குள் இன்னொரு கை இருக்கிறது. அதை நான் பார்க்க விரும்பவில்லை, ஆனால் நீர் வார்த்தபோதே அது வந்துவிட்டது, கெண்டியின் மூக்கு மணிக்கட்டைத் தொட்டபோதே வந்துவிட்டது. எங்கள் தறிக்குடோனில் பஞ்சுத்தூசி கூட்ட வந்தவள் ரங்காள். தாகமெடுத்தால் வாசற்படிக்குக் கீழே குனிந்து நின்று இரு கைகளையும் குழித்து வாயோடு சேர்த்துக்கொள்வாள். என் அம்மா படிமேல் நின்று செம்பை உயரத் தூக்கி நீர் ஊற்றுவாள். நீர் நீளமாய், கயிறு போல விழும். பாதி அவள் கழுத்தில் வழியும். செம்பு எவ்வளவு உயரத்தில் இருந்ததோ அவ்வளவு நல்ல குடும்பம் நாங்கள். அம்மா கெட்டவள் அல்ல. எந்த வெயிலிலும் யார் கேட்டாலும் நீர் ஊற்றினாள், உயரத்திலிருந்து. குழித்த கை. வொர்க்நேஷின் முன் நான் நீட்டியது எந்தக் கை? கோயிலில் தீர்த்தம் வாங்கும் கை என்று எத்தனை முறை சொல்லிக்கொண்டேன். அது ரங்காளின் கை. எட்டப்பிடி, தொடாதே, மேலிருந்து போடு என்று எங்கள் வீடு அவளுக்குக் கற்பித்த கையை நான் கடல் கடந்து கொண்டுவந்து வொர்க்நேஷிடம் நீட்டியிருக்கிறேன். இன்னும் இருக்கிறது, மனமே, ஒளிக்காதே. தங்கை பிறப்பதற்காக அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் ஒரு மதியம் எனக்குச் சோறு போட யாருமில்லை. எனக்கு ஐந்து வயது. அழுதேன். ரங்காள் தன் மதிய உணவுத் தூக்குப்போசியைத் திறந்து, தன் கையால் உருட்டி, என் வாயில் ஊட்டினாள். அது களியா, சோறா, என்ன சுவை? எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. நினைவிருப்பது அதற்குப் பிறகு நடந்ததுதான். அம்மா வீடு திரும்பி, அக்கம்பக்கத்தார் சொல்லக் கேட்டு, என்னைத் துவைகல் அருகே நிறுத்தினாள். "வாயத் தொற. நல்லாக் கொப்புளி. இன்னொருக்கா." உப்புநீர். ஏழு முறை. நான் எண்ணினேன். எண்ணும்போது ரங்காள் வேலி ஓரம் துடைப்பத்தோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாளும் வேலைக்கு வந்தாள், குனிந்து நீர் குடித்தாள். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. பிறகு அவள் இருந்த அத்தனை ஆண்டும் பார்க்கவில்லை. ஊட்டியது மறந்துபோய், கொப்புளித்தது மட்டும் நின்றுவிட்ட ஒரு வாய் இது. இதைத்தான் சுத்தம் என்று நினைத்து இத்தனை காலம் சுமந்தேன்.

கை வந்துவிட்டது. காரத்தின் வெம்மை உதட்டில் படுகிறது. உதடுகள் மூட முயல்வதை நான் அறிகிறேன். பழகிய கதவு, காற்றடித்தால் தானே சாத்திக்கொள்ளும். இரு கைகளும் தொடையின் மேல் இருக்கின்றன. வலக்கை எழுந்து குழியப் பார்க்கிறது. இடக்கையால் அதை அழுத்திப் பிடித்துக்கொள்கிறேன். வாயைத் திறக்கிறேன். இது எவ்வளவு சிறிய செயல். பசித்த எந்தக் குழந்தையும் செய்வது. எனக்கோ ஒரு மலையைப் புரட்டுவது போல இருக்கிறது. அவள் விரல்கள் உள்ளே வருகின்றன, வாய் கொள்ளாத கவளம், பற்களில் அவள் நகம் இலேசாக இடறுகிறது, விரல்கள் விலகுகின்றன. நான் மெல்லுகிறேன். புளிப்பு, காரம், வெண்ணெயின் வாசம். ரங்காளின் சோற்றுச் சுவை திரும்பி வரும் என்று எங்கோ ஓர் ஆசை காத்திருந்தது, வரவில்லை. வராது. இழந்தது இழந்ததுதான், இது வேறொருத்தியின் உணவு, இதற்கு இதன் சுவையே உரியது. கண்ணில் நீர் வருவது மிளகாயால் என்று தெஸ்பாயே நினைத்துத் தண்ணீரை என் பக்கம் நகர்த்துகிறார். விழுங்குவதற்குள் இரண்டாவது கை வருகிறது. ஒன்றோடு நிறுத்தினால் பகை என்று நினைப்பார்களாம், அவர் சிரித்துக்கொண்டே சொல்கிறார், மூன்றுதான் கணக்கு. இரண்டாவதற்கு என் வாய் தாமதமாகத் திறக்கிறது. மூன்றாவதற்குக் கை வருமுன்பே திறந்திருக்கிறது. அதைக் கண்டு நானே வியக்கிறேன். ஏழு முறை கொப்புளித்த வாயை மூன்று கவளம் திறந்துவிடுமா? ஊர் விட்டு ஊர் போய்ப் பிழைக்கும் சகோதரர்களே, சகோதரிகளே, நானும் உங்களில் ஒருவன், எனவே சொல்கிறேன்: போன இடத்து உணவை உண்டோம், உடையை உடுத்தோம், ஆட்டத்தை ஆடினோம் என்று பட்டியல் எழுதாதீர்கள். எந்தக் கை உங்களை நோக்கி நீண்டபோது உங்கள் உதடு மூடியது என்று பாருங்கள். அந்த இடத்திலிருந்துதான் அயல்நாடு தொடங்குகிறது. பெட்டியில் அடுக்கிக் கொண்டுவந்ததை விடப் பெரிய சுமை ஒன்று நாவின் அடியில் இருக்கிறது. அதைச் சோதிக்க எந்த விமான நிலையத்திலும் ஆள் இல்லை.

இனி என் முறை. வாங்கியவன் திருப்பி ஊட்ட வேண்டும். எவரும் சொல்லவில்லை, ஆனால் அவள் கை ஓய்ந்து மடியில் இருக்கிறது, காத்திருக்கிறது. நான் இஞ்சேராவைக் கிழிக்கிறேன், கோணலாய்க் கிழிகிறது. என் பிள்ளைகளுக்குக்கூட நான் ஊட்டியதில்லை, அது பூங்கொடியின் வேலை என்று இருந்துவிட்டேன். கவளம் என் விரல்களில் நெகிழ்கிறது, குழம்பு மணிக்கட்டு வரை வழிகிறது. நீட்டுகிறேன். அவள் பார்க்கிறாள், என் கையை அல்ல, முகத்தை. இப்போது அவள் தன் உள்ளங்கையை நீட்டினால் அதற்கு அவளுக்கு எல்லா நியாயமும் உண்டு. இந்த மூச்சில் அதற்காகவே காத்திருக்கிறேன், அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்று. அவள் வாயைத் திறக்கிறாள். ஒரு தயக்கமும் இல்லை. என் விரல் நுனிகள் அவள் உதட்டில் பட்டு மீள்கின்றன. ஒரு மனிதர் இன்னொரு மனிதரின் கையை நம்பித் தன் வாயைத் திறப்பதைவிடப் பெரிய அற்புதத்தை நான் பார்த்ததில்லை, இனியும் பார்க்கப்போவதில்லை. அவள் மென்று முடித்து, கணவரிடம் ஏதோ சொல்கிறாள், அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்க்கிறார்: "இவ்வளவு சிறிய கவளத்தை இந்தப் பகுதியில் யாரும் ஊட்டியதில்லையாம். கஞ்சத்தனம் என்கிறாள். நாளைக் காலை கதை நேரத்தில், நாற்பது பேர் முன்னால், எவ்வளவு பெரிதாகச் சுருட்ட வேண்டும் என்று உங்களுக்குக் காட்டுகிறாளாம். நம் வரிசையில் பிழைகளை அப்படித்தான் திருத்துவோம் என்கிறாள், எல்லாரும் பார்க்க." நம் வரிசை. நாளைக் காலை. கடிதத்தைப் பற்றி எவரும் பேசவில்லை. பேச ஒன்றும் மீதமில்லை. தட்டின் கண்கள் குறைந்து, கூடையின் பிரம்பு தெரியும் வரை உண்கிறோம். அவள் எழுந்து கெண்டியையும் தட்டத்தையும் கொண்டுவருகிறாள். என் கை முதலில் கழுவப்படுகிறது, அதே நெருக்கத்தில். பிறகு நான் எழுந்து, கெண்டிக்காகக் கை நீட்டுகிறேன். அவள் வியந்து, விருந்தாளி செய்யக் கூடாது என்பது போலத் தலையசைத்து, பின் கொடுக்கிறாள். அவள் தட்டத்தை ஒரு முக்காலியில் வைத்து, அதன் மேல் இரு கைகளையும் நீட்டுகிறாள். நான் கெண்டியைத் தூக்குகிறேன், என் தோள் தானாகவே எழுகிறது, இன்னும் எழுகிறது, எவரும் கற்பிக்காமலே என் கை வாசற்படி மேல் நின்ற அம்மாவின் கை நின்ற உயரத்துக்குப் போய் நிற்கிறது. நீர் கயிறாய் விழப்போகும் நேரம். பார்த்துவிட்டேன். இறக்குகிறேன், விரற்கடை விரற்கடையாக, கெண்டியின் மூக்கு அவள் மணிக்கட்டைத் தொடும் வரை. தொட்ட பின்பே சாய்க்கிறேன்.